வெள்ளிக்கிழமை ஷபாத் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு வந்த முதல் செமஸ்டரில், லேபில் என் பக்கத்து மேசையில் உட்காரும் பையன் "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹிலலுக்கு வாயேன், சாப்பாடு இலவசம்" என்றான். இலவசம் என்ற வார்த்தைக்குப் பிறகு வேறெதுவும் என் காதில் விழவில்லை. ஹிலல் என்றால் என்ன, ஷபாத் என்றால் என்ன, எதைப் போட்டுக்கொண்டு போவது, கையில் எதை எடுத்துக்கொண்டு போவது, ஒன்றையும் கேட்காமல் போய் நிறையச் சொதப்பினேன். ஷபாத் என்றால் யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. அதற்கப்புறம் நாலு வருஷத்தில் முப்பது நாற்பது தடவையாவது போயிருப்பேன். நான் யூதன் இல்லை, ஆகப்போவதும் இல்லை, ஆனாலும் நம்ம ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் "அண்ணா, போலாமா, ஏதாவது தப்பாயிடுமா?" என்று என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கே போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்

பெரிய பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் கூடுகிற இடம் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று ஹிலல். 1923-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. இயேசுவுக்குச் சற்று முந்தைய காலத்து யூத ஞானி ஒருவரின் பெயர் அது. கடவுளே இல்லை என்பவனும் வருவான், மூன்று வேளை தொழுகிறவனும் வருவான். ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் ஆசாரத்தைத் தளர்த்திய ரிஃபார்ம் பிரிவினர், இன்னோர் அறையில் நடுவழியில் போகும் கன்சர்வேடிவ், மாடியில் ஆசாரமான ஆர்த்தடாக்ஸ் என்று தனித்தனியாகத் தொழுகை நடக்கும், முடிந்ததும் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட உட்காருவார்கள்.

இன்னொன்று ஹபாத். ஒரு ரபையும் (யூத மதகுரு) அவர் மனைவியும் வளாகத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, குழந்தைகளோடு அங்கேயே குடியிருந்து நடத்துவது. அவர்கள் ஹசிடிக் மரபைச் சேர்ந்தவர்கள், ஆசாரம் கொஞ்சம் அதிகம், உபசாரம் அதைவிட அதிகம். ஹிலல் கல்யாண மண்டபத்துப் பந்தி என்றால் ஹபாத் அத்தை வீட்டுச் சாப்பாடு: இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று விடமாட்டார்கள். ஷபாத், ஹபாத் இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். முன்னது நாள், பின்னது வீடு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

போவதற்கு முன் பெயர் பதிவு செய்யச் சொல்லி ஒரு படிவம் வரும், அதை நிரப்பிவிடுங்கள். சாப்பாட்டுக் கணக்குக்கு மட்டுமில்லை, பாதுகாப்புக்கும் அது வேண்டும். 2018-இல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் கூடும் பல இடங்களில் வாசலில் காவலர் நிற்கிறார், 2023 அக்டோபரில் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு இன்னும் கெடுபிடி. மாணவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள், மூட்டை மாதிரிப் பெரிய பையை அறையிலேயே விட்டுவிடுங்கள். பையைத் திறந்து காட்டச் சொன்னால் உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம், எல்லாரிடமும் கேட்பார்கள்.

நேரம் பற்றி ஒன்று. ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு வழக்கமாக 18 நிமிடம் முன்னால் விளக்கேற்றித் தொடங்கும், சனிக்கிழமை நன்றாக இருட்டி மூன்று நட்சத்திரம் தெரியும்போது முடியும். ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள், சிகாகோ பக்கம் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் விளக்கேற்றிவிடுவார்கள், மே மாதத்தில் ஏழரைக்கு மேல்கூட ஆகும். தொழுகைக்கும் சேர்த்துக் கூப்பிட்டார்களா, சாப்பாட்டுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தொழுகைக்குப் போனால் எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள், அவ்வளவுதான். ஆண்களுக்கு வாசலில் ஒரு கூடை நிறையத் தலையில் வைக்கும் சின்னக் குல்லா, கிப்பா, வைத்திருப்பார்கள். தொழுகை அறைக்குள் போகிற விருந்தாளி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது மரியாதை, அதனால் யாரும் மதம் மாறிவிடுவதில்லை.

கையில் என்ன கொண்டுபோவது

சமைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனது ஒரு எவர்சில்வர் டப்பா நிறையப் புளியோதரை. ராத்திரி புளிக்காய்ச்சல் காய்ச்சி, காலையில் கிளறி, வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் எடுத்துப் போனேன். வாசலில் நின்ற பெண் டப்பாவைப் பார்த்துச் சிரித்து, ரொம்ப நன்றி, ஆனால் இதை உள்ளே விடமுடியாது, இந்த அலமாரியில் வைக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். இதில் மாமிசமே இல்லையே, சுத்த சைவமாயிற்றே என்று ஐந்து நிமிடம் வாதாடினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால் கோஷர் என்கிற யூத உணவு விதி சைவம், அசைவம் பற்றியதே இல்லை. பன்றி கூடாது, இறால் நண்டு கூடாது, செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கூடாது என்பதெல்லாம் பாதிதான். மாமிசமும் பாலும் ஒன்றோடொன்று சேரக்கூடாது, அதற்கென்று தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, பல இடங்களில் தனித்தனிப் பாத்திரத்தொட்டி. என் புளியோதரை குற்றமற்றது, நான் கிளறிய வாணலிதான் சந்தேகத்துக்குரியது. எச்சில், பத்து பார்க்கிற பாட்டி ஒருத்தியோடு வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்: பத்துக் கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பாட்டி என்ன செய்வாளோ, அதை இங்கே சிரித்த முகத்தோடு செய்கிறார்கள்.

சரி, வெறுங்கையோடு போக மனசு வரவில்லை என்றால், கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத சாக்லேட் பெட்டியோ பிஸ்கட்டோ வாங்குங்கள். வட்டத்துக்குள் ஆங்கில யூ எழுத்து போட்டிருக்கும், அமெரிக்கக் கடைகளில் அதுதான் அதிகம் கண்ணில் படும். அந்த யூவுக்குப் பக்கத்தில் ஒரு டி இருந்தால் பால் சேர்ந்தது என்று அர்த்தம், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் பெரும்பாலும் கோழி இருக்குமாதலால் அதை வாங்காதீர்கள். பூ வாங்கலாம், ஆனால் விளக்கேற்றுவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில்

அடக்கி வாசிக்க வேண்டிய முதல் சமாசாரம் போன். ஆசாரமானவர்கள் ஷபாத்தில் செய்யக்கூடாத வேலைகள் 39 வகை என்று வைத்திருக்கிறார்கள். தீ மூட்டுவது, எழுதுவது எல்லாம் அதில் வரும், மின்சார விளக்கைப் போடுவதும் அணைப்பதும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. விருந்தாளிக்கு அந்தச் சட்டம் இல்லை என்றாலும் மேசையில் போனை எடுத்துப் படம் பிடிப்பது அசிங்கம். என் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: இங்கே வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் ஊரில் சனிக்கிழமை விடிகாலை, அம்மா முதல் காபி போட்டுக்கொண்டு எனக்குக் கூப்பிடும் நேரம். முதல் தடவை பிரார்த்தனை நடுவில் போன் அலறியது. அணைத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கழிப்பறைக்குப் போனால் விளக்கை அணைக்காமல் வாருங்கள், நீங்கள் அணைத்தால் அடுத்து போகிறவர் இருட்டில்தான் உட்காரவேண்டும், அவர் போடமாட்டார்.

உட்கார்ந்ததும் சோறு வந்துவிடாது. முதலில் பாட்டு, அப்புறம் ஒருவர் எழுந்து நின்று திராட்சரசக் கோப்பையைக் கையில் ஏந்திச் சொல்கிற கித்துஷ் என்ற பிரார்த்தனை, அது முடிந்ததும் எல்லாரும் எழுந்து போய்க் கைகழுவுவார்கள். இரண்டு கைப்பிடி வைத்த ஒரு சொம்பு, ஒவ்வொரு கையிலும் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவது. இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். கைகழுவியதிலிருந்து ரொட்டியைக் கடிக்கும்வரை பேசக்கூடாது. எனக்கு அது தெரியாது. வந்து உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவனிடம் "நீ எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டேன், அவன் உதட்டைக் காட்டிக் கையை ஆட்டினான். பாவம், ஊமை போலிருக்கிறது என்று நினைத்து நானும் சைகையில் பேச ஆரம்பித்தேன். ரொட்டியைக் கடித்த அடுத்த நொடி "மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" என்றான். மேசையே சிரித்தது.

அந்த ரொட்டி, ஹல்லா, சடை மாதிரிப் பின்னியிருக்கும், துணி போட்டு மூடிய இரண்டு ரொட்டி, உப்பில் தொட்டுத் தருவார்கள். சூடாக இருந்தால் அதையே சாப்பிட்டு வயிற்றை நிரப்பிவிடத் தோன்றும், பின்னால் இன்னும் நாலு வகை இருக்கிறது, பொறுங்கள். சைவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவேண்டும்: முட்டை. ஹல்லாவில் பெரும்பாலும் இருக்கும், கூகெல் என்று உருளைக்கிழங்கிலோ நூடுல்ஸிலோ செய்கிற ஒன்றில் நிச்சயம் இருக்கும், சூப்பில் மிதக்கும் உருண்டையில் இருக்கும், அந்த சூப்பே கோழி சூப். ஹம்மஸ் (கொண்டைக்கடலைத் துவையல்), சாலட், வறுத்த காய்கறி இவற்றை நம்பிப் போகலாம், சைவம் என்று படிவத்தில் எழுதியிருந்தால் தனியாக எடுத்தும் வைப்பார்கள். தயிரை மட்டும் மறந்துவிடுங்கள். கோழி இருக்கும் மேசைக்குத் தயிர் வராது, காபிக்குப் பாலும் வராது. தயிர்சாதத்தில் முடிக்காவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிறவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி சாப்பிட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஹபாத் வீட்டில் ஆண்கள் ரபையின் மனைவிக்கோ பெண்கள் ரபைக்கோ கைகொடுக்க நீட்டாதீர்கள், அவர்கள் தொடமாட்டார்கள். நமக்கு இது பெரிய சிரமமே இல்லை, கையைக் கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு "ஷபாத் ஷாலோம்" என்றால் முடிந்தது.

பேச்சுக்குப் பஞ்சம் வந்தால் என்னிடம் கைவசம் ஒன்று இருக்கிறது, நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பைபிளில் சாலொமோன் ராஜாவுக்குக் கப்பலில் மயில்கள் வந்ததாக ஒரு வரி உண்டு. எபிரேயத்தில் அந்த மயிலுக்கு உள்ள சொல் துக்கி, அது நம்ம தோகையிலிருந்து போனதாகக் கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. மயில் போய் எப்போது கிளியானது என்று மேசையில் அரை மணிநேரம் சண்டை நடக்கும், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். சென்னைக்காரர்கள் மண்ணடி பவழக்காரத் தெருவையும் சேர்த்துக்கொள்ளலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வைரமும் பவழமும் வியாபாரம் செய்த யூதர்களோடு சேர்த்துப் பேசப்படுகிற தெரு அது.

மற்ற பண்டிகைகள்

செப்டம்பர், அக்டோபரில் வரிசையாக வரும். யோம் கிப்பூர் விரத நாள், விருந்தாளிக்கு அதில் வேலை இல்லை, அன்றைக்கு லேபில் நண்பனுக்குப் பதிலாக வேலையைப் பார்த்துக்கொண்டாலே போதும். அதற்கு ஐந்து நாள் கழித்து வருகிற சுக்கோட்டுக்குக் கட்டாயம் போங்கள். தமிழ் பைபிளில் கூடாரப் பண்டிகை என்று வருவது இதுதான். புல்வெளியில் ஒரு கொட்டகை போட்டு, மேலே கீற்றோ மூங்கிலோ பரப்பி, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கூரையின் இடுக்கில் நட்சத்திரம் தெரியவேண்டும். முதல் தடவை உள்ளே நுழைந்ததும் எனக்கு எங்கள் தெருக் கல்யாணப் பந்தல் ஞாபகம்தான் வந்தது. கையில் ஒரு பெரிய மஞ்சள் பழம் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வார்கள், அசப்பில் நார்த்தங்காய்.

மார்ச் பக்கம் வரும் பூரிம் வேஷம் கட்டிக் கூத்தடிக்கிற நாள். ஏப்ரல் வாக்கில் பஸ்கா. அதற்கு அழைத்தால் போவதற்கு முன் இரண்டு தோசையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் எகிப்திலிருந்து விடுதலையான கதையை முழுக்கப் படித்து முடித்தபின்தான் சாப்பாடு வரும், ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் வோக்கோசுத் தழையை உப்புத்தண்ணீரில் தொட்டுத் தருவார்கள், பசியில் அதுவே அமிர்தமாக இருக்கும். ஆளுக்கொரு பத்தி படிக்கச் சொல்வார்கள், உங்கள் முறை வந்தால் ஆங்கிலத்தில் படித்தால் போதும். அந்த எட்டு நாளும் ரொட்டி கிடையாது. ஐரோப்பிய யூத மரபில் வந்தவர்களில் பலர் அரிசி, பருப்பும் தொடமாட்டார்கள், ஸ்பெயின் வழி, அரபு நாட்டு வழி வந்தவர்கள் தாராளமாகச் சாப்பிடுவார்கள். சாம்பார் சாதம் பஸ்காவுக்கு ஆகுமா ஆகாதா என்பது தாத்தா எந்த ஊர் என்பதைப் பொறுத்தது.

இஸ்ரேல் நிகழ்ச்சிகளுக்குப் போவது

இது வேறு கதை, ஆனால் அதே கட்டடத்தில் நடக்கும். வெள்ளிக்கிழமை உங்களுக்கு சூப் ஊற்றிய அதே கூடத்தில் செவ்வாய்க்கிழமை இஸ்ரேல் பற்றிச் சொற்பொழிவு இருக்கும். பல ஹிலல்களில் யூத முகமை (ஜூயிஷ் ஏஜென்சி) என்ற அமைப்பு அனுப்பிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவர், பெரும்பாலும் ராணுவச் சேவை முடித்தவர், முழுநேரமாக இதற்கென்றே இருப்பார். எபிரேயம் பேசிப் பழகும் வட்டம், சினிமா, சமையல், பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. ஏப்ரல், மே வாக்கில் வருகிற நினைவு நாளும் சுதந்திர நாளும் அடுத்தடுத்து வரும்: போரில் செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றி அழுத அதே சாயங்காலம், இருட்டியதும் கொடி, பாட்டு, ஃபலாஃபல். அந்த மாற்றத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்கவேண்டும். அதே வாரங்களில் அதே புல்வெளியின் மறுகோடியில் பாலஸ்தீன மாணவர்கள் 1948-இல் தங்கள் தாத்தா பாட்டிகள் விட்டு ஓடிவந்த ஊர்களின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அங்கேயும் போய் நின்று கேளுங்கள், யாரும் கையெழுத்து வாங்கமாட்டார்கள்.

சுவரொட்டியைப் பார்த்தால் அடியில் சின்ன எழுத்தில் யார் நடத்துகிறார்கள் என்று படியுங்கள். யூத மாணவர்கள் எல்லாரும் இஸ்ரேல் விஷயத்தில் ஒரே குரல் என்று நினைத்தால் உங்களைவிட ஏமாளி கிடையாது. இரண்டு யூதர்கள் இருந்தால் மூன்று கருத்து என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். இஸ்ரேல் அரசை முழுக்க ஆதரிக்கும் குழு, இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று இரண்டு நாடு தீர்வு கேட்கும் ஜே ஸ்ட்ரீட் யூ, யூதர்களுக்கென்று தனி நாடு என்கிற சியோனிசமே வேண்டாம் என்கிற யூதக் குழு என்று வளாகத்துக்கு வளாகம் இருக்கிறது. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்கிறவர்களுக்கு மேடை கொடுப்பதில்லை என்று ஹிலல் தலைமை 2010-இல் விதி போட்டது. அதை ஏற்காமல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் 2013-இல் தங்கள் ஹிலலை எல்லாருக்கும் திறந்தது என்று அறிவித்து, கடைசியில் 2015-இல் ஹிலல் என்ற பெயரையே விட்டுவிட்டார்கள். சண்டை வீட்டுக்குள்ளேயே அவ்வளவு இருக்கிறது.

இதில் நான் அடித்துச் சொல்வது ஒன்று உண்டு. சாப்பிடக் கூப்பிட்டவனை இஸ்ரேல் தூதரக அதிகாரி மாதிரி நடத்தாதீர்கள். நியூஜெர்சியில் பிறந்து இஸ்ரேலை ஒருதடவைகூடப் பார்க்காத பையனிடம் காஸாவுக்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று சூப் தட்டுக்கு மேலே கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் ஒருவன் வந்து உட்கார்ந்ததும் உங்கள் நாட்டு ஜாதியைப் பற்றி இப்போதே விளக்கு என்றால் எப்படி இருக்கும்? அதே கேள்வியைச் சொற்பொழிவு முடிந்து மைக் வரும்போது பேச்சாளரிடம் நேராகக் கேளுங்கள், அது அதற்கான இடம். நண்பனே பேச்சை எடுத்தால் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அவனும் அதைத்தான் எதிர்பார்ப்பான். ஈழத்தைக் கொண்டுவந்து எடுத்த எடுப்பில் ஒப்பிடவும் வேண்டாம். நம் ஆட்களில் பாதிப்பேர் ஈழத்தமிழர் யூதர் மாதிரி என்பார்கள், மீதிப்பேர் பாலஸ்தீனர் மாதிரி என்பார்கள், இரண்டு பேரும் எதிரில் இருப்பவனின் கதையைக் கேட்டு முடித்திருக்க மாட்டார்கள்.

இலவசப் பயணம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். 1999-இல் தொடங்கிய பர்த்ரைட் என்ற 10 நாள் பயணம் யூத இளைஞர்களுக்கு மட்டும், நமக்கு இல்லை. மற்ற மாணவர்களை அழைத்துப் போகிற பயணங்களும் அவ்வப்போது வரும். போகலாம், ஆனால் செலவு யாருடையது, யாரையெல்லாம் சந்திக்க வைப்பார்கள், பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக்கரைப் பக்கம் போவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நம்ம பாஸ்போர்ட் தலைவலி: இஸ்ரேலுக்கு முன்கூட்டியே விசா வேண்டும், திரும்பி வர அமெரிக்க விசா காலாவதியாகாமல் இருக்கவேண்டும், பல்கலைக்கழகம் தருகிற ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து புதிதாக இருக்கவேண்டும். வகுப்புத் தோழர்கள் ஒரே நாளில் டிக்கெட் போடுவார்கள், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும்.

போராட்டங்களுக்கும் இதே கதைதான், எந்தப் பக்கம் என்றாலும். 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஓர் இந்தியப் பெண்ணின் விசா ரத்தாகி அவர் கனடாவுக்குக் கிளம்பவேண்டி வந்தது. எங்கே நிற்பது என்பது உங்கள் மனசாட்சி. ஆனால் எஃப்-1 மாணவர் விசாவில் நிற்பதும் குடியுரிமையோடு நிற்பதும் ஒன்றில்லை. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள்.

திருப்பி அழைப்பது

நாலு தடவை சாப்பிட்டாயிற்று, இனி நாம் ஒருமுறை கூப்பிடாவிட்டால் நன்றாக இருக்காது. எந்த அளவுக்குக் கோஷர் பார்ப்பாய் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சிலருக்குப் பன்றி இல்லாவிட்டால் போதும், சிலர் எந்தச் சைவ ஓட்டலிலும் சாப்பிடுவார்கள், நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில் கோஷர் சான்றிதழ் வாங்கித் தோசை சுட்ட தென்னிந்திய ஓட்டல்களுக்கு இந்த வாடிக்கையாளர்கள்தான் பலம். ரொம்ப ஆசாரமானவன் என்றால் உங்கள் வீட்டில் வாழைப்பழமும் முத்திரை உள்ள பாக்கெட் முந்திரியும் காகிதத் தட்டும்தான்.

எங்களுக்கு வேலை செய்த வழி வேறு. அவன் வீட்டுச் சமையலறையில், அவன் பாத்திரத்தில், முத்திரை பார்த்து அவன் வாங்கி வைத்த சாமானில் நான் சமைத்தேன். அடுப்பை அவன்தான் பற்றவைத்தான், அதுவும் அவர்கள் விதி. அரிசியும் பருப்பும் புளியும் மிளகும் சுலபமாகக் கிடைத்தன. பெருங்காய டப்பாவை மட்டும் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், முத்திரை இல்லை. அன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் போடவில்லை, பூண்டு இரண்டு பல் கூடத் தட்டிப் போட்டுச் சமாளித்தேன்.